பௌத்திர அறுவைக்குப் பின்: புண் ஆறும் வாரங்களும் அன்றாட வாழ்க்கையும்

பௌத்திரம் என்பது ஆசனவாயின் உட்புறத்தையும் அதைச் சுற்றியுள்ள வெளித்தோலையும் இணைத்தபடி சதைக்குள் உருவாகும் ஒரு சீழ்க்குழாய். பேச்சுவழக்கில் பவுத்திரம் என்பர். வடமொழி மருத்துவ நூல்கள் பகந்தரம் என்று குறிப்பிடுகின்றன. மாத்திரையாலும் களிம்பாலும் இந்தக் குழாய் மூடிக்கொள்வது மிக அரிது. அறுவையே பெரும்பாலானவர்களுக்கு வழி. அந்த அறுவை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடலாம். ஆனால் அதனால் உண்டான புண் ஆற ஆறு வாரமும் ஆகும், மூன்று மாதமும் ஆகும். மருத்துவமனையில் இருப்பது ஓரிரு நாள்தான். மற்ற நாள்களெல்லாம் வீட்டில், நோயாளியின் கையில்.

அந்த வீட்டு நாள்களைப் பற்றியதே இக்கட்டுரை. தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டார வாழ்க்கையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. சாரல் காலத்தில் துணி உலராது. அருவி கூப்பிடு தூரத்தில் இருக்கும். பல வீடுகளில் பெண்கள் நாள் முழுவதும் தரையில் அமர்ந்து பீடி சுற்றுவார்கள். பொதுவான மருத்துவக் குறிப்புகளில் இவற்றுக்கு விடை கிடைப்பதில்லை.

மூலம் வேறு, பௌத்திரம் வேறு

ஆசனவாய்ப் பகுதியில் எது வந்தாலும் ‘மூலம்’ என்று சொல்லிவிடுவது நம்மிடையே வழக்கம். மூலம் என்பது அங்குள்ள இரத்தக்குழாய் மெத்தைகள் வீங்குவது. வெடிப்பு என்பது மலம் இறுகிப் போவதால் ஆசனவாய்த் தோலில் ஏற்படும் கிழிசல். பௌத்திரம் இவை இரண்டிலிருந்தும் வேறுபட்டது.

ஆசனவாயின் விளிம்பிலிருந்து சுமார் 2 செ.மீ. உள்ளே சில சிறிய சுரப்பிகள் உண்டு. அவற்றில் ஒன்றின் வாய் அடைபட்டுக் கிருமி புகுந்தால் சீழ் கட்டுகிறது. அது வெளிவர வழி தேடி, சதையைத் துளைத்துக்கொண்டு தோலருகே கட்டியாகப் புடைக்கிறது. கட்டி தானாக உடைந்தாலும், மருத்துவர் கீறி விட்டாலும் வலி உடனே குறையும். அதோடு முடிந்தது என்று நாம் நினைத்துக்கொள்வோம். ஆனால் இத்தகைய கட்டி வந்தவர்களில் மூவரில் ஒருவருக்காவது உள்வாயும் வெளிவாயும் இணைந்த குழாய் அப்படியே நின்றுவிடுகிறது. சில வாரம் அடங்கியிருக்கும்; பிறகு வீங்கும், உடையும், கசியும். பெண்களைவிட ஆண்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு மிகுதியாக வருகிறது.

காசநோய், குடல் அழற்சி நோயான குரோன் நோய் ஆகியவற்றாலும் பௌத்திரம் வரலாம். நம் நாட்டில் காசநோயை மறந்துவிடக் கூடாது. அறுவையில் எடுத்த சதையைச் சோதனைக்கு அனுப்புவது இதற்காகத்தான். அறுவை முடிந்த நிம்மதியில் அந்த அறிக்கையை வாங்காமலே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. காசநோய் என்று தெரிந்தால் பொதுவாக ஆறு மாத மருந்து. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. தெரியாமல் விட்டால் எத்தனை நாள் கழுவிக் கட்டினாலும் புண் ஆறாது.

தையல் போடாமல் விடுவது ஏன்?

அறுவைக்குப் பிறகு குடும்பத்தார் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். வெட்டிய இடத்தைத் திறந்தே விட்டிருக்கிறார்களே, மறந்துவிட்டார்களா?

மறக்கவில்லை. எளிய பௌத்திரத்தில் மருத்துவர் அந்தக் குழாயை அதன் நீளம் முழுவதும் திறந்து, மூடிய சுரங்கத்தைத் திறந்த வாய்க்கால் ஆக்கிவிடுகிறார். அந்த வாய்க்கால் அடியிலிருந்து மேல்நோக்கித் தூர்ந்து வர வேண்டும். மேல்தோல் முந்திக்கொண்டு மூடிவிட்டால் உள்ளே வெற்றிடம் நிற்கும். அதில் மறுபடி சீழ் சேரும். ‘பௌத்திரம் என்றால் திரும்பத் திரும்ப வரும்’ என்று ஊரில் சொல்லப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மற்றொன்று, அறுவையின்போது கண்ணில் படாமல் போன கிளைக்குழாய்.

பிரான்சின் மன்னர் பதினான்காம் லூயிக்கு இந்த நோய் இருந்தது. சார்ல் பிரான்சுவா பெலிக்ஸ் என்ற அறுவை மருத்துவர், மயக்க மருந்து இல்லாத அந்தக் காலத்தில், பல மாதம் வேறு நோயாளிகளிடம் பழகிப் பார்த்துவிட்டு, 1686 நவம்பர் 18 அன்று மன்னருக்கு அறுவை செய்தார். அறுவை சரியாகவே நடந்தது. ஆனால் புண்ணின் மேற்பகுதி சீக்கிரம் மூடிக்கொள்ளத் தொடங்கியதால் டிசம்பரில் மறுபடியும் கத்தி வைக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு சனவரியில்தான் அவர் தேறினார். அரண்மனையில் ஆள் சூழப் படுத்திருந்தவருக்கே நடந்தது இது. மூன்றாம் வாரம் உங்கள் மருத்துவர் கையுறை அணிந்த விரலால் புண்ணின் ஓரங்களைப் பிரித்துப் பார்த்தால், அது வலித்தாலும், இந்த மூடுதலைத் தடுக்கவே என்று அறிந்துகொள்ளலாம். ‘புண் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று மறுபார்வைக்குப் போகாமல் இருப்பவர்களுக்குத்தான் உள்ளே இடைவெளி விட்டுப் போகிறது.

எல்லாப் பௌத்திரத்தையும் இப்படித் திறந்துவிட முடியாது. மலத்தை அடக்கி வைக்கும் சுருக்குத் தசைகள் உள்ளொன்றும் வெளியொன்றுமாக இரண்டு உண்டு. குழாய் அவற்றின் எவ்வளவு பகுதியைத் துளைத்துச் செல்கிறது என்பதே சிகிச்சையை முடிவு செய்கிறது. இலண்டனின் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஆலன் பார்க்ஸ் முதலியோர் 1976-இல் வெளியிட்ட நான்கு வகைப் பாகுபாடு இன்றும் கையாளப்படுகிறது. தசையின் பெரும்பகுதி குழாய்க்குக் கீழே அகப்பட்டால் அதை வெட்டினால் மலக் கட்டுப்பாடு போய்விடும். அப்போது குழாய் வழியே ஒரு நூலைக் கோத்துச் சில மாதம் விட்டு வைப்பது, தசைகளுக்கு நடுவே குழாயை முடிந்து துண்டிப்பது, லேசர், உள்நோக்கிக் கருவி என வேறு முறைகளை நாடுகிறார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொல்வது வீண் செலவல்ல; வரைபடம் பார்த்துக்கொண்டு காட்டுக்குள் போவது போன்றது அது.

உங்களுக்குச் செய்தது எந்த முறை, தசை வெட்டப்பட்டதா, நூல் உள்ளே இருக்கிறதா என்பதை வீடு திரும்பும் முன் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பின்வரும் நாள்களில் எது இயல்பு, எது இயல்பல்ல என்பது அதைப் பொறுத்தது. நூல் உள்ளவருக்கு அது இருக்கும் வரை கசிவும் இருக்கும். அதுதான் அந்த நூலின் வேலை.

முதல் சில நாள்கள்

பெரும்பாலும் முதுகுத்தண்டில் ஊசி போட்டு மரக்க வைத்தே இந்த அறுவை நடக்கிறது. அன்று இரவு சிலருக்குச் சிறுநீர் இறங்காது. ஐம்பது வயதைக் கடந்த ஆண்களிடம் இது மிகுதி. வயிறு முட்டும் வரை பொறுத்திராமல் செவிலியரிடம் சொல்லிவிட வேண்டும். எழுந்து உட்கார்ந்தால் கடுமையான தலைவலி, படுத்தால் குறைவு என்று வந்தால் அது ஊசியின் விளைவாக இருக்கலாம்; அதையும் சொல்ல வேண்டும்.

புண்ணில் திணித்து வைத்த காஸ் துணியை மருத்துவர் சொல்லும் நேரத்தில் எடுப்பார்கள். உலர்ந்து ஒட்டியிருந்தால் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் ஊறினால் தானே நழுவும்.

எல்லாரும் அஞ்சுவது முதல் மலம் கழித்தலை. அந்த அச்சத்தில் இரண்டு நாள் பட்டினி கிடப்பவர்கள் இருக்கிறார்கள். அடக்க அடக்க மலம் இறுகும். நான்காம் நாள் அது கல்லாக வரும்போது படும் பாட்டுக்கு முதல் நாள் வலி எவ்வளவோ மேல். மருத்துவர் தரும் மலமிளக்கியை, இசப்கோல் உமியோ லாக்டுலோஸ் சிரப்போ, முதல் இரவே தொடங்கிவிட வேண்டும். வலி மாத்திரையைக் கழிவறைக்குப் போவதற்கு அரை மணி முன்பு வரும்படி நேரம் அமைத்துக்கொள்வது நல்ல உத்தி. வலி மாத்திரைகளில் டிரமடால், கோடீன் வகைகள் மலச்சிக்கலை உண்டாக்கும். அவை எழுதப்பட்டிருந்தால் மருத்துவரிடம் மலமிளக்கி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் முறை கொஞ்சம் இரத்தம் சொட்டும். தண்ணீரில் கலந்து பார்க்கும்போது பெருகியது போலத் தோன்றும். சில துளிகளுக்குப் பதற வேண்டாம்.

கழுவுவதும் உலர்த்துவதும்

வெந்நீரில் உட்காருங்கள் என்று எல்லா மருத்துவரும் சொல்வார்கள். எப்படி என்பதைச் சொல்ல அவர்களுக்கு நேரம் இருப்பதில்லை. அகன்ற பிளாஸ்டிக் பேசின் ஒன்றை இதற்கென்றே தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். கை பொறுக்கும் வெதுவெதுப்பில், இடுப்பின் அடிப்பகுதி மூழ்கும் அளவு நீர் போதும். பத்து முதல் பதினைந்து நிமிடம். நாளுக்கு மூன்று முறை. மலம் கழித்த பின் ஒவ்வொரு முறையும். தரையில் பேசினை வைத்துக் குனிந்து உட்கார முடியாதவர்கள், மேலைநாட்டுக் கழிவறைக் கோப்பைமேல் பொருந்தும் பேசினை வாங்கலாம். மருந்துக்கடைகளில் கிடைக்கிறது.

நீரில் என்ன சேர்ப்பது? ஒன்றும் வேண்டாம். இந்த நீர் புண்ணைக் கழுவுகிறது. இறுகிய தசையைத் தளர்த்தி வலியைக் குறைக்கிறது. இரண்டுக்கும் வெறும் நீரே போதும். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைக் கண்ணளவில் அள்ளிப் போட்டுத் தோலைப் பொசுக்கிக்கொண்டவர்கள் உண்டு. கிருமிநாசினி திரவங்களும் அப்படியே. மஞ்சளை அரைத்துப் பூசுவதையும், மூலிகைச் சாறு பிழிவதையும் உங்களுக்குச் சிகிச்சை செய்தவர் சொன்னாலன்றிச் செய்ய வேண்டாம்.

தண்ணீரால் கழுவும் நம் வழக்கம் இந்த நோயாளிக்குப் பெரிய வரம். காகிதத்தால் துடைக்கும் நாட்டாருக்கு மருத்துவர்கள் இதைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. கைக்குழாயின் வேகத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும்.

கழுவிய பின் உலர்த்துவதில்தான் நம் ஊர் சீசன் குறுக்கே நிற்கிறது. சூன் முதல் ஆகஸ்டு வரை சாரல் நாள்களில் கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் ஈரவாடையோடு இருக்கும். ஈர உள்ளாடையை அணிந்தால் புண்ணைச் சுற்றியுள்ள தோல் ஊறி வெந்துபோகும், அரிக்கும், பூஞ்சை பிடிக்கும். புண்ணைவிட இந்த அரிப்பே சிலரை வாட்டிவிடும். அதனால் அறுவைக்கு முன்பே எட்டு அல்லது பத்துப் பருத்தி உள்ளாடைகள் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் இஸ்திரிப் பெட்டியால் நன்கு உலர்த்தி அணிய வேண்டும். உடம்பைத் துடைக்கும் துண்டுக்கும் இதே விதி. மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். வேட்டி, கைலி, நைட்டி போன்ற தளர்ந்த உடை நல்லது. ஜீன்ஸை இரண்டு மாதம் மறந்துவிடலாம்.

கசிவு சில வாரம் இருக்கும். மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ, சற்று வாடையோடு வரும். நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தால் கவலை இல்லை. இதற்குக் காஸ் மடிப்பு வைக்கலாம். அதைவிட வசதியானது சானிட்டரி நாப்கின். ஆண்கள் இதைக் கடையில் கேட்க மிகவும் கூச்சப்படுகிறார்கள். என்னையே எடுத்துக்கொண்டால், முப்பது ஆண்டு வகுப்பறையில் உயிரியல் நடத்தியவன், மருந்துக்கடைக்கு மூன்று முறை போய் மூன்று முறையும் இருமல் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பினேன். கடைசியில் மகள்தான் வாங்கி வந்தாள். கடைக்காரர் அதைத் தாளில் சுற்றித் தருகிறார். யாருக்கு என்று கேட்பதே இல்லை.

புண்ணருகே முடி வளர்ந்து உள்ளே மடங்கினால் ஆறுவது தடைப்படும். அதை யார், எப்படி மழிப்பது என்று மறுபார்வையில் கேளுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நாமே பிளேடு வைக்கக் கூடாது.

உணவு

மலம் வாழைப்பழம் போல மென்மையாக, முக்காமல் வர வேண்டும். இறுகினாலும் கேடு, நீர்த்தாலும் கேடு. மலமிளக்கியை அளவுக்கு மீறிக் குடித்து நாளுக்கு ஆறு முறை போகிறவருக்குப் புண் எரிச்சல் தாங்காது.

ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து, இரண்டு லிட்டருக்குக் குறையாத நீர் என்பது பொதுவான அளவு. இட்லி ‘லேசான ஆகாரம்’ என்று மூன்று வேளையும் இட்லியே கொடுப்பது நம் வீடுகளின் அன்பு. இட்லியில் நார் குறைவு. கூடவே கீரை, அவரைக்காய், வாழைத்தண்டு, பாசிப்பயறு, கொண்டைக்கடலை என்று ஏதாவது சேர வேண்டும். கம்பும் கேழ்வரகும் நல்லவை. கொய்யா மிக நல்லது. சீசனில் குற்றாலக் கடைகளில் குவியும் மங்குஸ்தானும் ரம்புட்டானும் நாவுக்கு இனியவை. சாப்பிடத் தடையில்லை, ஆனால் நாருக்கு அவற்றை நம்ப வேண்டாம். பிரானூர் பார்டர் பரோட்டாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பார்க்க வரும் உறவினர் அதைத்தான் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவார்கள். மைதாவில் நார் அறவே குறைவு. கூட வரும் மிளகுக்கோழியின் காரம் மறுநாள் காலை புண்ணில் தெரியும். காரம் பௌத்திரத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் திறந்த புண்ணை எரிய வைக்கும்.

கோழி, முட்டை, மீன் சூடு, சீழ் வைக்கும் என்று விலக்குவது பழக்கம். புதுச்சதை வளரப் புரதம் வேண்டும். முட்டையும் மீனும் பருப்பும் தாராளமாகச் சாப்பிடலாம்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு உணவைவிடச் சர்க்கரை அளவே முதன்மை. கட்டுப்பாடில்லாத சர்க்கரையோடு இந்தப் புண் ஆறுவது மிகத் தாமதமாகும். அறுவைக்கு முந்திய மாதத்திலேயே அதைச் சீராக்கத் தொடங்க வேண்டும். புகைப்பதும் ஆறுதலைக் கெடுக்கும்.

உட்காருவதும் உழைப்பதும்

நடப்பது முதல் நாளிலிருந்தே நல்லது. நிற்பதும் படுப்பதும் எளிது. உட்காருவதே சிக்கல். நடுவில் ஓட்டையுள்ள வளைய மெத்தையை வாங்கித் தருகிறார்கள். அதில் நெடுநேரம் அமர்ந்தால் நடுப்பகுதி தொங்கி இரத்தம் தேங்கி வீங்கும் என்பதால் பலர் அதைப் பரிந்துரைப்பதில்லை. சாதாரண மென்தலையணை போதும். அரை மணிக்கொரு முறை எழுந்துவிட வேண்டும். இந்த நோயில் ஆசிரியர் வேலை ஒரு பேறு. வகுப்பில் நின்றுகொண்டே இருக்கலாம். தலைமையாசிரியர் அறைக் கூட்டங்கள்தாம் தண்டனை.

எளிய அறுவை செய்தவர் ஒன்றிரண்டு வாரத்தில் மேசை வேலைக்குத் திரும்பலாம். மூட்டை தூக்குவது, வயல் வேலை, மரம் ஏற்றுவது போன்றவற்றுக்கு நான்கு முதல் ஆறு வாரமாவது ஆகும். இருசக்கர வாகனத்தைப் புண் தேறும் வரை தவிர்ப்பது நல்லது. தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். மறுபார்வைக்கு அங்கே போக வேண்டியவர்கள் பேருந்தைவிட இரயிலைத் தேர்ந்தெடுத்தால் இடையிடையே எழுந்து நிற்கலாம், கழிவறையும் உண்டு.

பீடி சுற்றும் பெண்களின் நிலை வேறு. கடையம், ஆலங்குளம், பாவூர்ச்சத்திரம் பக்கமெல்லாம் மடியில் சுளகோடு தரையில் சப்பணமிட்டு நாள் முழுவதும் அமர்ந்திருப்பார்கள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு; உட்காரவில்லையென்றால் காசில்லை. ஆகவே ‘ஒரு மாதம் உட்காராதே’ என்ற அறிவுரை அவர்களுக்கு வெறும் சொல். செய்யக்கூடியது, தரையை விட்டு எழுவது. உயரமான பலகையிலோ மேசையிலோ சுளகை வைத்து நின்றபடி சிறிது நேரம், தலையணை போட்ட முக்காலியில் சிறிது நேரம் என்று மாற்றலாம். முன்போல் எண்ணிக்கை வராது. பாதி வந்தாலும் வரட்டும். இன்னொன்று: தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டும், வேலை கெடும் என்று தாகத்தை அடக்குவது அவர்கள் வழக்கம். மலம் இறுகுவதற்கு அதுவே போதும். பிரசவத்தில் ஆழக் கிழிந்து தையல் போட்டிருந்தால், அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்; பெண்களுக்கு முன்பக்கச் சுருக்குத் தசை குட்டையானது, ஏற்கெனவே பழுதுபட்டிருந்தால் சிகிச்சை முறையே மாறலாம்.

கசிவு இருப்பதால் கோயிலுக்கும் தொழுகைக்கும் போகாமல் வீட்டிலேயே அடைந்து கிடப்பவர்கள் உண்டு. தொழுகையில் மண்டியிட்டு அமர இயலாதவர் நாற்காலியில் அமர்ந்து தொழ வழியுண்டு. கசிவு பற்றிய ஐயத்தைத் தம் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம். தாம்பத்தியம் பற்றி மருத்துவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. வலி அடங்கி, இரத்தக் கசிவு நின்ற பிறகு தடையில்லை.

காற்றைச் சில நாள் அடக்க முடியாமல் போவது பலருக்கு நேர்கிறது. வீக்கம் வடிய வடியச் சரியாகும். இரண்டு மாதம் கழித்தும் நீர்மலம் தெரியாமல் கசிகிறது என்றால் வெட்கத்தால் மறைக்கக் கூடாது. சுருக்குத் தசைக்கான பயிற்சிகளும், தேவைப்பட்டால் சிகிச்சையும் உண்டு.

காரநூல்

கத்திக்குப் பதிலாக மருந்து தோய்ந்த நூலைக் குழாய் வழியே கோத்துக் கட்டுவது ஆயுர்வேதத்திலும் சித்த மருத்துவத்திலும் உள்ள முறை. பகந்தரத்தின் ஐந்து வகைகளைச் சுசுருத சம்கிதை விளக்குகிறது. காரநூல் முறையை 1960-களில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் பி. ஜே. தேஷ்பாண்டே முதலியோர் புதுப்பித்து நிலைநாட்டினர். லினன் நூலில் இலைக்கள்ளிப் பாலைப் பதினொரு முறை, பாலும் நாயுருவிச் சாம்பல் உப்பும் ஏழு முறை, பாலும் மஞ்சள்தூளும் மூன்று முறை என இருபத்தொரு பூச்சு ஏற்றி ஒவ்வொரு பூச்சும் உலர்த்தப்படும். வாரம் ஒரு முறை பழைய நூலின் நுனியில் புதியதைக் கட்டி இழுத்து மாற்றுவார்கள். நூல் மெல்ல மெல்ல அறுத்துக்கொண்டே வர, பின்னால் புண் ஆறிக்கொண்டே வரும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தி 1991-இல் வெளியிட்ட பல மைய ஆய்வில், அறுவை செய்தவர்களில் நூற்றுக்குப் பதினொருவருக்கும், காரநூல் கட்டியவர்களில் நூற்றுக்கு நால்வருக்கும் நோய் திரும்பியது. ஆனால் ஆறும் காலம் அறுவையில் நான்கு வாரமும் நூலில் எட்டு வாரமுமாக இருந்தது. வாரந்தோறும் வந்து போக இயலுமா, நூலோடு நடமாடப் பொறுமை உண்டா என்பதை எண்ணி முடிவெடுக்க வேண்டும். பாளையங்கோட்டையில் 1964-இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருப்பதால் நம் பகுதியினருக்கு முறையாகப் படித்த சித்த மருத்துவரைக் கலந்து கேட்பது எளிது.

இதைச் சொல்லும்போது பேருந்து நிலையச் சுவரொட்டிகளையும் சொல்ல வேண்டும். ‘மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் ஒரே நாளில் குணம்’ என்பவை காரநூல் மருத்துவம் அல்ல. படிப்பில்லாதவர்கள் அரிக்கும் மருந்தை ஊசியிலோ பசையிலோ உள்ளே செலுத்துகிறார்கள். சுருக்குத் தசை வெந்து, மலக் கட்டுப்பாடே போய்விடக்கூடும். நான் இத்தகைய ஓர் இடத்தில் எட்டு மாதம் களிம்பு வாங்கிப் பூசினேன். யாரிடமும் சொல்லவில்லை, வீட்டில்கூட ‘சூட்டுக் கட்டி’ என்றே சொல்லி வைத்திருந்தேன். ஒரு வாயாக இருந்தது அதற்குள் மூன்று வாயாகிவிட்டது. சுவரொட்டி ஒட்டுகிறவர்களின் முதலீடு நம் கூச்சம்தான்.

உடனே மருத்துவரிடம் போக வேண்டியவை

குளிரோடு காய்ச்சல், குறைந்து வந்த வலி திடீரென்று கூடுவது, புண்ணருகே புதிதாக வீக்கம், நின்றிருந்த சீழ் மறுபடி கெட்டியாக வருவது, நாப்கின் நனையுமளவு இரத்தம் அல்லது கட்டிகட்டியாக இரத்தம், சிறுநீர் இறங்காமை. நீரிழிவு உள்ளவர்கள் இவற்றில் ஒன்று தோன்றினாலும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. அவர்களுக்குத் தொற்று மிக வேகமாகப் பரவும்.

அருவிக் குளியல்

குற்றாலத்துக்காரருக்கு இதுவே பெரிய கேள்வி. மூலிகைக் காட்டு வழியே வரும் நீர் புண்ணை ஆற்றும் என்று சொல்லி, பத்தாம் நாளே அருவிக்குக் கிளம்பச் சொல்லும் பெரியவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். சீசனில் பேரருவியில் ஒரே நேரத்தில் எத்தனையோ பேர் குளிக்கிறார்கள். மழை பெய்தால் மண்ணும் சருகும் கலந்து செந்நீராக விழுகிறது. அந்த நீர் திறந்த புண்ணுக்கு மருந்தல்ல. விழும் நீரின் வேகம், வழுக்குப் பாறை, தள்ளுமுள்ளு, குளித்த பின் ஈரத்துணியோடு வீடு வரை நடப்பது ஆகிய எல்லாமே எதிரானவை. ஆற்றிலும் குளத்திலும் இறங்குவதற்கும் இது பொருந்தும். வீட்டுக் குளியல் முதல் நாளிலிருந்தே செய்யலாம்.

புண் முழுவதும் தோல் மூடி, கசிவு நின்று, மருத்துவர் பார்த்து ஆறிவிட்டது என்று சொன்ன பிறகு அருவிக்குத் தடை எதுவும் இல்லை. எனக்கு அது பதினொன்றாம் வாரம் வந்தது. அப்போது சீசன் முடிந்து அருவியில் நூலளவு தண்ணீர்தான் விழுந்துகொண்டிருந்தது. அடுத்த ஆண்டு ஆனிச் சாரலில் ஐந்தருவிக்குப் போனேன். முதல் நாள் ஓரத்தில் நின்று தலையை மட்டும் நனைத்துக்கொண்டேன். மாற்றுத்துணியை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இன்னொரு பை போட்டுக் கட்டிக் கொண்டுபோயிருந்தேன்.